மனசு சொல்லுதா, அடிச்சுக்குதா?

கேள்வி: எனக்கு வயது 36. ஊர் தங்கச்சிமடம். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். வாரம் மூன்று நாள் கடல்; காலையில் போனால் மறுநாள் காலையில்தான் கரை. நான் எட்டு வருடமாக மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் எடைக் கணக்கு எழுதுகிறேன். இப்போது சூப்பர்வைசராக இருக்கச் சொல்கிறார்கள், சம்பளமும் கூடும். ஆனால் உள்ளுக்குள் ஏதோ ஒன்று 'வேண்டாம்' என்று சொல்கிறது. எது வேண்டாம் என்று உட்கார்ந்து கேட்க எனக்கு நேரமே இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து தியானம் பண்ணச் சொன்னார்கள்; மூன்று நாளில் விட்டுப்போனது. இன்னொன்று, கணவர் கடலுக்குக் கிளம்பும்போதெல்லாம் 'போக வேண்டாம்' என்று மனசு சொல்கிறது. ஒரு தடவை அழுது நிறுத்திவிட்டேன். அன்றைக்குப் போன படகுகளுக்கெல்லாம் நல்ல இறால். வீட்டில் இன்னும் குத்திக்காட்டுகிறார்கள். உள்மனசை நம்புவதா, வேண்டாமா?
— வாசகி, தங்கச்சிமடம்

மனநல ஆலோசகர் பதில்:

சகோதரி, நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளியாமல் சூப்பர்வைசர் வேலைக்குப் பதில் கிடைக்காது.

மனசைப் பற்றிப் பேச நம்மிடம் எத்தனை வினைச்சொல் இருக்கிறது பாருங்கள். மனசு சொல்லுது, மனசு அடிச்சுக்குது, மனசு உறுத்துது, மனசு ஒப்பல, மனசு கேக்கல, மனசு அலைபாயுது. இவை ஒன்றுக்குப் பதில் ஒன்று போடும் சொற்கள் அல்ல. 'அடிச்சுக்குது' என்றால் பயம்: நெஞ்சு படபடக்கும், கண்முன் காட்சி ஓடும், இப்போதே ஏதாவது செய் என்று அவசரப்படுத்தும். 'உறுத்துது' என்பது ஏற்கெனவே செய்த ஒன்றைப் பற்றியது. 'கேக்கல' என்றால் பாசம் விடமாட்டேன் என்கிறது. 'ஒப்பல' என்பதுதான் நிதானமானது. அதில் காட்சி இருக்காது, அவசரமும் இருக்காது. அதே விஷயத்தைத் தொடும்போது மட்டும் வந்து வாசலில் நிற்கும். நீங்களோ இரண்டுக்கும் 'சொல்கிறது' என்றே எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் விழுந்த இடம் அதுதான்.

படகு விஷயத்தில் உங்கள் மனசு சொல்லவில்லை, அடித்துக்கொள்கிறது. சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: 'கிளம்பும்போதெல்லாம்'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தையும் காற்று, மழை நாட்களையும் கழித்தாலும், வாரம் மூன்று என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய நூறு தடவை. நூறு தடவையும் அடிக்கிற மணி, எந்த நாள் ஆபத்தான நாள் என்று பிரித்துக் காட்டாது. அதற்காக அந்தப் பயம் வெறும் கற்பனை என்று ஆகிவிடாது. படகோடு ஆள் பிடிபட்ட செய்தி உங்கள் கரைக்குப் புதிதில்லை. பயத்துக்குக் காரணம் உண்டு, ஆரூடம் சொல்லும் வேலைதான் அதற்கு இல்லை.

அன்றைக்கு இறால் விழுந்ததால் உங்கள் உள்மனசு பொய் என்றும் ஆகாது. படகுகள் வெறுங்கையோடு திரும்பியிருந்தால் இதே வீடு 'அவளுக்குப் பட்சி சொல்லிடுச்சு' என்று கொண்டாடியிருக்கும். ஒரே ஒரு நாளை வைத்து அப்படியும் தீர்ப்பு எழுதக் கூடாது, இப்படியும் எழுதக் கூடாது.

இனிக் கிளம்பும் நேரத்தில் 'போகாதீங்க' என்பதை விட்டுவிட்டு, 'எனக்குப் பயமா இருக்கு' என்று சொல்லுங்கள். முதலாவது கடலைப் பற்றிய தீர்ப்பு. அவர் மறுத்துப் பேசியே ஆகவேண்டும். இரண்டாவது உங்களைப் பற்றிய செய்தி. அதை யாரும் மறுக்க முடியாது. அடுத்து, கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய மூன்றைக் கேளுங்கள்: கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் வாங்கியாச்சா, லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று இருக்கிறதா, வயர்லெஸ் வேலை செய்கிறதா. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் அதற்கு மேல் மனசிடம் கேட்க ஒன்றுமில்லை.

கணவர் தாமே 'இன்னைக்கு ஏதோ சரியில்லை' என்றால் கதை வேறு. உளவியலாளர்களில் உள்ளுணர்வை ஆதரித்து ஆராய்ந்தவர் கேரி க்ளைன், சந்தேகித்து ஆராய்ந்தவர் டேனியல் கானமன். இருவரும் சேர்ந்து 2009-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஒத்துப்போன இடம் இது: ஒருவரின் உள்ளுணர்வை நம்ப இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்தத் துறையில் மாறாத ஒழுங்கு இருக்கவேண்டும். செய்ததன் விளைவைப் பார்த்துப் பார்த்து அவர் நெடுங்காலம் பழகியிருக்கவேண்டும். வாடைக்காற்று எப்போது திரும்பும், கச்சான் காற்று எழுந்தால் தென்கடல் என்ன பாடுபடும் என்று உடம்பாலேயே படித்தவர் உங்கள் கணவர். அவர் தயங்கினால் அதில் விவரம் இருக்கும். நண்டு எடையில் உங்களுக்கும் அப்படித்தான். எட்டு வருடம் தராசுப் பக்கத்தில் இருந்தவர், 'இந்தப் பெட்டியில் ஏதோ இடிக்குதே' என்று தோன்றினால் மறுபடி நிறுத்துப் பார்க்கலாம். ஆனால் தெரிந்தவர் சொன்ன சீட்டில் பணம் போட 'மனசு சொல்லுது' என்றால் நம்பாதீர்கள். அங்கே உங்களுக்குப் பழக்கமில்லை, விளைவு தெரிவதற்குள் காலம் ஓடிவிடும்.

இனி நேரம்.

நாலு மணித் தியானம் மூன்று நாளில் நின்றதற்கு நீங்கள் காரணமில்லை. கடல் நாளில் ஒரு நேரம் எழுகிறீர்கள், கரை நாளில் இன்னொரு நேரம், அவர் திரும்பும் காலையில் வேறொரு நேரம். இப்படி ஓடும் வீட்டில் 'தினமும் நாலு மணி' என்பது நிற்கவே நிற்காது. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் ஊர்ப் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்கள் கடிகாரம் பார்த்தா கடலில் இறங்குகிறார்கள்? நீர் வற்றம் பார்த்து இறங்குகிறார்கள். மாதத்தில் 12 நாள் போதும் என்று தங்களுக்குள் கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார்கள். நீங்களும் மணியை விட்டுவிட்டு, எந்த நாளானாலும் நடந்தே தீரும் ஒரு காரியத்தில் இதைக் கட்டுங்கள். 'இது நடந்தால் அதைச் செய்வேன்' என்று முடிச்சுப் போட்டு வைத்த தீர்மானம் வெறும் தீர்மானத்தைவிட நிலைக்கிறது என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

உங்களுக்குத் தயாராக ஒரு முடிச்சு இருக்கிறது: பாம்பன் பாலம். வேலை நாளில் பேருந்து அதைக் கடந்தே ஆகவேண்டும். நீளம் சுமார் 2.3 கிலோமீட்டர்; நாலைந்து நிமிடம். பேருந்து பாலத்தில் ஏறியதும் போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். கண்ணை மூட வேண்டாம். கூட்டத்தில் நின்றுகொண்டு போனாலும் கம்பியைப் பிடித்தபடி செய்யலாம். முதலில் காற்று முகத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்று கவனியுங்கள். பிறகு கவனத்தைக் கீழே இறக்குங்கள்: தாடை இறுகியிருக்கிறதா, தொண்டை அடைத்தாற்போல் இருக்கிறதா, நெஞ்சில் பாரமா, அடிவயிற்றில் பிசைகிறதா. 'இன்னைக்கு எங்க இருக்கு?' என்ற ஒரே கேள்வி. பதில் வராவிட்டாலும் பாலம் இறங்கியதும் விட்டுவிடுங்கள். அந்த நாலு நிமிடத்தில் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. அது வெறும் பார்வைதான். சமையலறையில் நுழைந்ததும் அடுப்பை ஒரு பார்வை பார்ப்போமே, அதுபோல.

வாரம் ஒருமுறை மட்டும் 20 நிமிடம் வேண்டும். ஒரு கரை நாளின் சாயங்காலத்தில் வையுங்கள். கணவர் கடலில் இருக்கும் இரவில் வைத்துவிடாதீர்கள். பிள்ளைகள் தூங்கியபின் வீடு அமைதியாக இருக்கும், ஆசை காட்டும்தான். ஆனால் அந்த இரவில் எதைக் கேட்டாலும் பயம்தான் பதில் சொல்லும். பசியோடு உட்காராதீர்கள், டீ குடித்த கையோடும் வேண்டாம், படபடப்பு டீயுடையதா மனசுடையதா என்று தெரியாமல் போகும்.

அந்த 20 நிமிடத்தை ஓட்டும் முறை யூஜின் ஜென்ட்லின் என்ற உளவியலாளர் வகுத்தது. அவர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் குழுவோடு வேலை செய்தவர். ஆலோசனை உரையாடல்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டபோது ஒன்று தெரிந்தது. குணமானவர்களில் பலர் சரளமாகப் பேசியவர்கள் அல்ல. நடுவில் நின்று, 'இல்ல... அது கோபம் இல்ல... எப்படிச் சொல்றது...' என்று உள்ளே துழாவியவர்கள்.

முதல் ஐந்து நிமிடம் பாரம் இறக்குங்கள். மனசில் கிடப்பதையெல்லாம் ஒவ்வொரு வரியாக எழுதுங்கள்: குழுக்கடன் தவணை, மூத்தவன் கணக்கு மார்க், மாமியார் முட்டிவலி, கூரையில் ஒழுகும் இடம். எதையும் தீர்க்கக் கூடாது. படகிலிருந்து பெட்டி இறக்கும்போது ஒவ்வொரு பெட்டியையும் திறந்து மீன் பிரித்துக்கொண்டு நின்றால் இறக்கி முடியுமா? இதுவும் அப்படித்தான்.

அடுத்து ஒன்றே ஒன்றை எடுங்கள். உங்களுக்கு இப்போது சூப்பர்வைசர் வேலை. 'நாளையிலிருந்து நான் சூப்பர்வைசர்' என்று உள்ளே சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அரை நிமிடமாவது ஆகும், உடம்பு பதில் சொல்ல. முதலில் வருவது பெரும்பாலும் வாய்ப்பாடு: 'சம்பளம் கூடும்ல', 'படிச்சவங்களுக்குத்தான் அது'. அவை போகட்டும். பிறகு தெளிவில்லாமல் ஒன்று, தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்வோம், வந்து உட்காரும். அதற்குப் பொருந்தும் வினைச்சொல்லைத் தேடுங்கள். மேலே சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 'அடிச்சுக்குது'. இல்லை. 'அலைபாயுது'. இல்லை. 'ஒப்பல'. சரியான சொல் விழுந்தால் உடம்பு காட்டிக்கொடுக்கும்: தானாக ஒரு பெருமூச்சு, தோள் கொஞ்சம் இறங்கும், சிலருக்குக் கண் கலங்கும்.

இப்போதுதான் கேள்வி. எது ஒப்பவில்லை? ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டு உடம்பைப் பாருங்கள். 'அதே வேலை, ஆனால் அஞ்சு மணிக்கு விட்டுடுவாங்க' என்றால் இறுக்கம் தளர்கிறதா? 'அதே நேரம், ஆனால் கூட வேலை பார்த்தவங்களை நான் அதட்ட வேண்டாம்' என்றால்? 'அதே வேலை, வேற முதலாளி'? 'சம்பளம் இதேதான், பதவி மட்டும்'? எந்த மாற்றத்தில் தளர்கிறதோ, மனசு மறுப்பது அதைத்தான். அது வேலையாகவே இல்லாமல் இருக்கலாம். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்து நண்டு உடைத்த பெண்ணிடம் நாளைக்கு எடை குறைவு என்று சொல்லவேண்டியிருப்பதாக இருக்கலாம். அப்படியென்றால் முதலாளியிடம் பேசவேண்டிய பேச்சே வேறாகிவிடும். கிடைத்ததை ஒரு வரி எழுதி எழுந்துவிடுங்கள். அன்றைக்கே முடிவு கிடையாது.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவீர்கள். நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவருக்கு உடம்பு சொல்லும் முதல் செய்தியே அதுதான். முதல் இரண்டு வாரம் அந்த 20 நிமிடத்தைத் தூக்கத்துக்கே கொடுத்துவிடுங்கள். ஒன்றுமே வராமல் எரிச்சல் வரும். இது உங்களுக்கு மட்டுமல்ல. வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமோத்தி வில்சன் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்களை 15 நிமிடம் தனியாக உட்காரவைத்து, விரும்பினால் லேசான மின்அதிர்ச்சி கொடுத்துக்கொள்ளும் பொத்தானையும் வைத்தார்கள். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் சும்மா இருக்க முடியாமல் அதை அழுத்தினார்கள்.

இதைவிட மோசம், கேட்பதாக நினைத்துக்கொண்டு அரைத்ததையே அரைப்பது. மாமியார் சொன்ன அதே நாலு வாக்கியம் சுற்றிச் சுற்றி வருகிறது, ஒவ்வொன்றும் 'ஏன்' என்று தொடங்குகிறது என்றால் அது உள்குரல் இல்லை, செக்கு. 'ஏன் இப்படிச் சொன்னாங்க' என்பதை 'இப்போ எங்க வலிக்குது', 'எனக்கு என்ன வேணும்' என்று மாற்றிப்போடுங்கள். நாலைந்து நிமிடத்திலும் மாறாவிட்டால் எழுந்து பாத்திரம் தேய்க்கலாம், நஷ்டமில்லை. 'நீ எதுக்கும் லாயக்கில்லை' என்று கேட்டால் அதையும் உள்மனசு என்று எடுக்காதீர்கள். அது எப்போதோ யாரோ சொன்னது. கொஞ்சம் கவனித்தால் யார் குரல் என்றுகூடத் தெரிந்துவிடும். இடது கண் துடித்தது, பல்லி சொல்லியது என்பதையெல்லாம் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். பக்கத்தில் மூன்று கட்டம்: முதலாவதில் தேதியும் கடல் நாளா கரை நாளா என்பதும்; இரண்டாவதில் மனசு என்ன பண்ணியது என்ற வினைச்சொல் மட்டும்; மூன்றாவது கட்டம் காலியாக இருக்கட்டும், பிறகு என்ன நடந்தது என்று நிரப்ப. படகுப் பயத்தையும் இதிலேயே குறியுங்கள். ஆறு வாரம் கழித்து ஒரே மூச்சில் படியுங்கள். 'அடிச்சுக்குது' என்று எழுதிய நாட்களின் மூன்றாவது கட்டமும் எழுதாத நாட்களின் மூன்றாவது கட்டமும் ஒன்றுபோல் இருந்தால், பயத்தின் பேச்சை எவ்வளவு கேட்கவேண்டும் என்பது கைக்கணக்காகத் தெரிந்துவிடும். 'ஒப்பல' என்பது ஒரே விஷயத்தின்மேல், கடல் நாள் கரை நாள் இரண்டிலும், நாலைந்து தடவை வந்திருந்தால் அதை மதிக்கவேண்டும். இரவு பத்து மணிக்கு ரீல்ஸ் பார்த்தபின் எழுந்து, காலையில் காணாமல் போன உற்சாகங்களும் நோட்டில் அப்பட்டமாகத் தெரியும்.

ஆறு வாரம் கம்பெனி காத்திருக்காதுதான். 'ரெண்டு வாரம் பார்த்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் பழைய வேலையை யாருக்கும் கொடுத்துடாதீங்க' என்று கேளுங்கள். அல்லது மாற்றிப் போட்டதில் தளர்ந்த அந்த ஒன்றை மட்டும் நேராகக் கேளுங்கள், வேலை நேரத்தையோ வேறெதையோ. திரும்பி வரமுடிகிற சின்ன அடியாக எடுத்துவைத்தால், உள்மனசு தவறியிருந்தாலும் பெரிய சேதமில்லை.

பழக்கம் ஊன்ற எத்தனை நாள்? லண்டனில் பிலிப்பா லாலி குழு 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியான ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 வரை. இடையில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் கெடவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. தடைக்காலத்தில் வாரச் சாயங்காலத்துக்கு ஓய்வு கொடுப்பதும் தவறில்லை. அந்த 61 நாளும் கணவர் வீட்டில், பள்ளி விடுமுறையும் சேரும், வருமானக் கவலை வேறு. அந்த ஒழுங்கில் புதிதாகத் தொடங்கினால் ஜூன் 15-இல் படகு இறங்கியதும் அறுந்துபோகும். அப்போது பாலம் மட்டும் இருக்கட்டும்.

இந்தப் பயிற்சி பொருந்தாத சந்தர்ப்பமும் உண்டு. மற்றவருக்குக் கேட்காத குரல் காதில் கேட்டால், 'இதைச் செய்' என்று கட்டளையிட்டால். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ இல்லாமல் எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால். கடல் நாட்களில் மூச்சடைத்து, கை நடுங்கி, வேலையே ஓடாவிட்டால். இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் நாள் முழுக்கத் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உயிரோடு இருக்கவேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே பேசுங்கள். தர்காவுக்கோ கோயிலுக்கோ நேர்ந்துகொண்டிருந்தால் அதையும் செய்யுங்கள். ஏர்வாடியிலேயே இப்போது மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்துதான் நடக்கிறது.

முதல் வாரம் நோட்டும் வேண்டாம், 20 நிமிடமும் வேண்டாம், பாலம் மட்டும். இரண்டாவது வாரம் நோட்டு. ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் இருக்கும் பையில் அதையும் வைத்துவிட்டால் பிள்ளைகள் கை படாது. முழு வாக்கியம் எழுதாமல் வினைச்சொல் மட்டும் எழுதச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் அதுதான். யார் புரட்டினாலும் ஒன்றும் விளங்காது. மாமியார் 'என்னத்தடி எழுதிக்கிட்டே இருக்க' என்று கேட்டால், கணக்கு என்று சொல்லுங்கள்.